கேட்காமல் விட்ட பதினேழு பகுதிகள்

கோலசிலாங்கூர்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் கங்காவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அயர்லாந்து மழையிலும் குளிரிலும் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டுத் தொடங்குகிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு அப்பா ஏன் பேனா பிடிக்கிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் எனக்கு வாய் அடைத்துப்போகும், வாட்ஸ்அப்பில் போட்டால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய், அதனால்தான்.

அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. எனக்கு அதே லோரிதான், தோட்டத்தில் செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போனால் வரிசையில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் கிடக்க வேண்டும். போன வாரம் அங்கே எடை மேடையில் இருக்கும் திருச்செல்வத்திடம் பேச்சுவாக்கில், மகள் நர்ஸ் வேலையோடு பாட்காஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தாள், தீபாவளியோடு விட்டுவிட்டாள் என்றேன். அவன் அதன் பேரைக் கேட்டுத் தேடிப் பார்த்துவிட்டு, "எங்கண்ணே விட்டுச்சு, நேத்துகூட போட்டிருக்குலா" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ குடும்பக் குழுவில் லிங்க் அனுப்புவதை நிறுத்தியதும், அப்பா பேச்சைக் கேட்டுப் பாட்காஸ்டையே நிறுத்திவிட்டாய் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் பெருமை வேறு.

திருச்செல்வம்தான் என் போனில் ஃபீட் ரீடர் ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். பிடித்த தளத்தையும் பாட்காஸ்டையும் ஒரு தடவை அதில் சேர்த்துவிட்டால் போதும், புதிதாக எது வந்தாலும் யாரும் அனுப்பாமலே வந்து நிற்கிறது. தோட்டத்துக்குள் லைன் கிடைக்காதே, அதனால் காலையில் வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு போகிறேன். அம்மாவும் விடவில்லை, நாலு சமையல் தளத்தைச் சேர்த்துக்கொண்டு, "பத்து மீன் கொழம்பு வந்து நிக்குது, மீன் ஒன்னையும் காணோம்" என்று என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறாள்.

இதில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். ஆலை வரிசையில் முன்னால் நிற்பதுதான் முதலில் வந்த லோரி, முப்பது வருஷம் அதிலே பழகிய கண், அதனால் பட்டியலில் உச்சியில் இருப்பதுதான் பழையது என்று அதிலிருந்து தொடங்கிவிட்டேன். புதியதுதான் மேலே இருக்குமாம். ஆக, நான் முதலில் கேட்டது முப்பத்தொன்பதாவது பகுதி. "எங்கப்பாவே கேக்கறதில்ல, நாப்பதோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்" என்று சிரித்தபடி சொல்கிறாய். அந்தச் சிரிப்பு எப்போது வரும் என்று எனக்குத் தெரியும் கங்கா. வரிசை நகர்ந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன், பின்னால் நின்ற அர்ஜுனன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்து கதவைத் தட்டினான். அப்புறம், நீ லிங்க் அனுப்பாமல் விட்ட இருபத்து மூன்றிலிருந்து ஒழுங்காகக் கேட்டேன், நாலு நாளில் பதினேழும் முடிந்தது. முப்பத்தொன்றில், உன் கையைப் பிடித்தபடியே ஒரு பாட்டி இறந்துபோனதைச் சொன்னாய். அந்த வாரமும் நீ வீட்டுக்குப் போன் போட்டாய், "இங்க ஒன்னும் விசேஷமில்லப்பா" என்றாய், நானும் சரிம்மா என்று வைத்துவிட்டேன். ஊர் பேர் தெரியாதவர்களிடம் சொன்னதை என்னிடம் சொல்ல முடியாதபடி செய்தவன் நான்தான். "நல்ல வேலய வச்சிக்கிட்டு இது ஒனக்கு தேவையா லா, யாரு கேக்கப் போறா" என்று தீபாவளியன்று எல்லார் முன்னாலும் நான் சொன்னது தப்பு. அதை எழுதத்தான் இந்தப் பேனா.

இப்போது ஒரு முடிவோடு இருக்கிறேன். இனி நீ அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் ஒன்றையும் விடப்போவதில்லை. அர்ஜுனன் போனிலும் இன்னும் நாலு லோரிக்காரர்கள் போனிலும் நானே உட்கார்ந்து சேர்த்துக் கொடுத்துவிட்டேன், வரிசையில் அவர்கள் கேட்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, ஈரக் காலுறையை மாட்டிக்கொண்டு நிற்காதே, இருபத்தெட்டாவது பகுதியில் நீயே சொல்லி மாட்டிக்கொண்டாய்.

எல்லா நலமும் பெற்று, நினைத்ததைச் செய்து நன்றாக இரு. அம்மாவின் முத்தங்கள். மறந்துவிடாதே, இதற்குப் பதில் கடிதம் வேண்டாம், போனும் வேண்டாம். நாற்பத்தொன்றாவது பகுதியில் சொல், நான் வரிசையில் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ரெங்கசாமி