வேலைக் குரல்

ஜூன் 6, 2021

அன்புள்ள அப்பா,

ஒரு மாதமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. பக்கத்து வீட்டு மாமாவைக் கேட்டால், "நல்லாத்தாம்மா இருக்காரு" என்கிறார். அது எனக்குப் போதுமா?

ஊரடங்கில் மூடிய எங்கள் மனநல மையம் இன்னும் திறக்கவில்லை. படுக்கையறை மூலையில் ஒரு நாற்காலி போட்டு, போனிலேயே எல்லோருக்கும் ஆலோசனை சொல்கிறேன். வீட்டில் யாருக்கும் கேட்கக்கூடாதென்று ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பேசுகிறார். ஒரு பெண் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். ஊரே என்னிடம் பேசுகிறது, பெற்ற அப்பாவைத் தவிர. அப்படி என்ன கோபம்?

உங்கள் பாப்பா

ஜூன் 14

பாப்பாவுக்கு,

மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

போனில் நீ வேலைக் குரலில் பேசுகிறாய். அம்மாவை நினைத்து நான் உடைந்து அழுத அன்றைக்கு, "ம்... அழணும்னா அழுங்கப்பா, அவசரமில்ல" என்றாய். அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வசதி என்று கேட்டுவிடுவாயோ என்று பயந்து வைத்துவிட்டேன்.

மறைக்க மனமில்லை. உங்கள் மையத்துக்கே போன் போட்டேன். அங்கே உன் பக்கத்து அறையில் ஆலோசனை சொல்லும் தம்பியிடம் வாராவாரம் பேசுகிறேன். முன்பென்றால் வாசலிலேயே, "மேடத்தோட அப்பா வந்திருக்கார்" என்று உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள். போனில் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்? அந்தத் தம்பி பெயர் கேட்டார். லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ரிட்டயர் ஆனவன், அது போதும் என்றேன்.

அப்பா

ஜூன் 21

அப்பா,

அந்தக் குரலை விட்டிருந்தால் அன்றைக்கு நானும் உடைந்திருப்பேன். அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அவரிடம் நான் எதுவும் கேட்கக்கூடாது, கேட்டாலும் சொல்லமாட்டார். வீடியோ மீட்டிங்கில் அவர் முகத்தைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. என்னிடம் சொல்ல முடியாத எதை அவரிடம் சொன்னீர்கள்?

பாப்பா

ஜூன் 29

பாப்பா,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உன் மேல் எனக்குக் கோபம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "பாப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன்" என்றாள் அம்மா. உனக்குத் திரும்பத் திரும்ப போன் அடித்தேன். நீ யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாய். நீ திருப்பிக் கூப்பிடுவதற்குள் அவள் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

வேலை நேரத்தில் நீ போனைச் சத்தமில்லாமல் வைப்பாய் என்று தெரியும். உன் தப்பில்லை என்றும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கோபம் போகவில்லை. "அவங்ககிட்டயே சொல்லிப் பாருங்களேன்" என்றார் அந்தத் தம்பி. சொல்லிவிட்டேன்.

அப்பா

ஜூலை 5

அப்பா,

'புரிகிறது' என்று எழுதி அடித்துவிட்டேன். எனக்கும் கோபம்தான். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது, "வெறும் சளிதான், நீ வேலையைப் பாரு" என்றது யார்? அவளையும் அப்படியே சொல்ல வைத்தது யார்? உண்மையைச் சொல்லியிருந்தால் என் போன் கையிலேயே இருந்திருக்கும். நானும் அவள் குரலைக் கேட்டிருப்பேன். இதை நான் வேறு யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

ரயில் விட ஆரம்பித்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன். நீங்களும் கத்துங்கள், நானும் கத்துகிறேன். இது ஒரு மணி நேரத்தில் முடிகிற பேச்சு இல்லை. மாற்றுத் துணி நிறைய எடுத்து வருகிறேன்.

உங்கள் மகள்