ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு கோடுகள்

8.10.2012, திங்கள்

என் கைடு ரூத் மேடம் என் வரைபடத்தைப் பார்த்து "சூப்பர்" என்றார். எம்.ஃபில். சேர்ந்தபின் அவரிடம் வாங்கும் முதல் சூப்பர்.

கணினிக்குள் மட்டும் துடிக்கும் இரண்டு நியூரான்கள். இடையே மெல்லிய இணைப்பு. அது மட்டும் போதாது, ஒவ்வொன்றும் தன் போக்கில்தான் துடிக்கும். இரண்டின் வித்தியாசத்தை அளந்து இரண்டாவதைத் திருத்தும் ஒரு கட்டுப்பாட்டைச் சமன்பாட்டில் சேர்த்தேன். இப்போது இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன.

பத்தொன்பதாம் தேதி துறைக் கருத்தரங்கில் பேச வேண்டுமாம். மாலையில் மேடம் ஃபோனில் கேட்டார். தலையாட்டினேன்.

"ஃபோன்ல தலையாட்னா அவங்களுக்கு இன்னாடி தெரியும், தங்கமாரி?" என்றாள் எங்களோடு அறையில் தங்கியிருக்கும் கங்கா. அக்கா மாரிசெல்வியும் சேர்ந்து சிரித்தாள்.

10.10.2012

அக்காவும் கங்காவும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன். ஒருத்தி புரண்டால் மற்றவளும் எழுந்துவிடுகிறாள். எங்கள் படப்பை அறையிலேயே இரண்டு நியூரான்கள்! கருத்தரங்கில் சொல்லலாம். சொல்வேனா?

15.10.2012, திங்கள்

இந்த வாரம் கங்காவுக்கு மட்டும் செகண்ட் ஷிஃப்ட். காலையில் அக்கா சாப்பாட்டு டப்பாவையே கீழே போட்டாள். கங்கா அசையவில்லை.

அவள் எழுந்ததும், அக்கா சத்தத்துக்கு ஏன் எழவில்லை என்று கேட்டேன். "உங்கக்கா எழுப்பியா நான் எழுந்துகினு இருந்தேன்? ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்சு. அவ்ளோதான்."

என் நியூரான்களும் அப்படி ஒரே பஸ்ஸில்தான் போகின்றனவோ? லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு நியூரான்களுக்கும் ஒரே தொடக்க மதிப்பு. முதல் வரியை அப்படியே நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன். கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு ஓட்டினேன் — அதே படம்.

ஐயோ. வித்தியாசமே இல்லாத இடத்துல அது எதைத் திருத்துச்சு? சும்மா உக்காந்திருந்திருக்கு. மேடம் எல்லார்கிட்டயும் வேற சொல்லிட்டாங்க. எப்படிச் சொல்லுவேன்?

16.10.2012

தொடக்க மதிப்புகளை வேறுவேறாகக் கொடுத்தேன். சேரவில்லை. கட்டுப்பாட்டின் வலுவைக் கூட்டினேன். சேரவில்லை. கரண்ட் போய்விட்டது.

17.10.2012

மேடம் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். உணவு இடைவேளையில் அக்காவுக்கு ஃபோன்.

"ஏட்டி, நீயா சொன்னா திருத்துனவ. நாளைக்கு ஒருத்தன் கேட்டா மாட்டுனவ. போய்ச் சொல்லு."

சொல்லிவிட்டேன். மேடம் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, "நானும் கவனிக்கலையேம்மா. இப்ப சேருதா?"

"இல்ல மேடம்."

"வெள்ளிக்குள்ள சேரலைன்னா, சேரலைன்னே சொல்லுவோம்."

ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் நெருக்கியும் மூச்சு நன்றாக வந்தது.

18.10.2012

சேர்ந்துவிட்டது! வலுவை இன்னும் கூட்டியதும் முதலில் தாறுமாறாக ஓடி, மெல்ல நெருங்கி ஒரே கோடு. கட்டுப்பாட்டை எடுத்தால் பிரிகின்றன. பிரிவதைப் பார்த்தா இவ்வளவு சந்தோஷம்!

19.10.2012, வெள்ளி

கடைசி வரிசையிலிருந்து ஒருவர்: "ரெண்டையும் ஒரே மதிப்புல ஆரம்பிச்சா, கன்ட்ரோல் இல்லாமலே சேர்ந்துதானே ஓடும்?"

"ஆமா சார். நானே அப்படித்தான் ஏமாந்தேன்."

சிரித்தார்கள். மேடமும். வேறுவேறாகத் தொடங்கும் படத்தைக் காட்டினேன். ஒரே பஸ் கதையையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

22.10.2012, திங்கள்

கங்கா மறுபடி ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். இருவரும் ஒன்றாக எழுந்து போய், ஒன்றாகத் திரும்பி, பாயில் கிடந்தார்கள். மேடம் ஃபோன்: முதலில் தவறிய படத்தையும் சேர்த்துக் கட்டுரையாக எழுதித் தர முடியுமா?

"எழுதித் தரேன் மேடம்."

கங்கா பாயிலிருந்து தலையைத் தூக்கினாள். "யாருடி தலையாட்டாம பேசுனது? நம்ம தங்கமாரியா?"