இடுப்பில் ஒன்றும் இல்லையாம்

அன்பின் மனைவிக்கு,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பு நோவு மாறவேண்டுமென்று நேர்ந்து, நல்லூர்த் திருவிழாவில் அங்கப்பிரதட்டை செய்யப் போனேன். தெற்கு வீதியில் உருளும்போது இடுப்பு பிடித்துவிட்டது. பின்னால் உருண்டு வந்த நாலு பேரும் என்னில் முட்டி நின்றார்கள். முன்வீட்டு மங்களேஸ் அக்கா ஓடிவந்து, "தம்பிக்குச் சாமி உரு வந்திட்டுது, ஒருத்தரும் தொடாதேங்கோ!" என்று கத்தினார். ஒருவரும் தொடவில்லை. இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

பிறகு டொக்டரிடம் காட்டினேன். ஸ்கானில் எலும்பு, நரம்பு எல்லாம் சுகமாம்.

"மூண்டு வருசமா மனம் இறுகிக் கிடந்தா, மூளை நோவைப் பாடமாக்கிப் போடும், ஐயா. காயம் இல்லாட்டியும் நோகும். அது பொய் நோவில்லை. வீட்டிலை என்ன யோசினை?"

"யோசினையோ? மனிசி கனடாவிலை, டொக்டர். நான் ராசா மாதிரி இருக்கிறன்."

தாதி சிரித்தாள். டொக்டர் சிரிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் பேரனைப் பார்க்க ஆறு மாதத்துக்கென்று போன உமக்கு நிரந்தர வதிவிட அட்டை கிடைத்தது சந்தோசம். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு இருந்தெழும்பவும் முடியவில்லை. மழைக்குளிராக இருக்கும். டொக்டர் நடக்கச் சொன்னார், மனதை ஆறவிடச் சொன்னார். நடக்கிறேன். மற்றதற்கு வழி தெரியவில்லை.

நீர் போன அன்று உம்முடைய பெட்டியைத் தூக்கித்தான் இடுப்பு பிடித்தது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவருகிறேன். டொக்டருக்கும் அப்படித்தான் சொன்னேன். உமக்குத் தெரியும், பெட்டியைத் தூக்கி ஏற்றியது எயார்போட் வான்காரன். நான் வாசலுக்கே வரவில்லை.

இப்படிக்கு,
உம்முடைய கோணல் மனிசன்