கிணற்றின் மேல் புல்

குருவிநத்தம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் இளவரசிக்கு, அப்பா உலகநாதன் சொல்லச் சொல்ல ஜெராக்ஸ் கடை சுரையா எழுதுவது. நான் சௌக்கியம். முட்டி வலி மட்டும் மழைக்குக் கூடியிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

வியாழக்கிழமை காலை நம்மூர்ப் புல்தரையில் நீதான் விமானத்தை இறக்கப்போகிறாய் என்று ஊரே பேசுகிறது. கரும்புக்கு மருந்து தெளிக்கிற விமானம் நின்றது நீ பிறந்த வருஷம். இப்போது அந்தத் தரையின் காவல்காரன் மகளே இறங்குகிறாள் என்றால் எனக்கும் பெருமைதான். ஆனால் நீ இறங்கக் கூடாது. போனில் சொன்னபோது, "எத்தினி தரையில எறங்கினவ நான், சும்மா இருப்பா" என்று சிரித்தாய். காரணம் என் வாயில் வரவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

அந்தத் தரை போட்டபோது எனக்கு இருபத்தொரு வயது. கிழக்குக் கோடியில் காசம்மாள் அக்கா நிலத்துக் கிணறு இருந்தது. அதை மண் கொட்டி மூட எனக்கும் கூட வேலை செய்த சாமிக்கண்ணுவுக்கும் உத்தரவு. மண் வண்டி வரவில்லை. விடிந்தால் சர்க்கரை ஆலை இன்ஜினியர் பார்க்க வருகிறார். காய்ந்த கரும்புச் சோகையை அள்ளிக் கிணற்றில் திணித்து, மேலே ஒரு முழம் மண் போட்டுப் புல் பதித்துவிட்டோம். காசம்மாள் அக்கா வரப்பில் நின்று, "இன்னாடா உலகு, கெணத்துக்கு மெத்த போடுறியா" என்று கேட்டாள். சிரித்தோம்.

அடுத்த மழைக்கே அந்த இடம் அமுங்கியது. சொன்னால் வேலை போகும். இறங்கும் இடத்துக்கு அடையாளமாக இருந்த வெள்ளைக் கல்லை, யாருக்கும் தெரியாமல் அறுபது தப்படி மேற்கே தள்ளி வைத்தேன். பைலட்டுகள் கல்லைப் பார்த்துத்தான் சக்கரத்தை வைப்பார்கள். தை மாசம் தவறாமல் பள்ளத்தில் நானே மண் போட்டேன். பதினாறு வருஷம் ஒரு சக்கரமும் அதன்மேல் போகவில்லை. "எங்கப்பா காவல்ல ஒரு தப்பு நடந்ததில்ல" என்று நீ எல்லாரிடமும் சொல்வாய். அப்போதெல்லாம் நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன்.

இப்போது தரையை மறுபடி திறக்க அளக்க வந்தவர்கள் பழைய வரைபடத்தைப் பார்த்து, கல் முதலில் இருந்த இடத்திலேயே வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள். கிணறு இறங்கும் இடத்துக்குள்ளே வந்துவிட்டது. ரோலர் ஓட்டிய நவீன்குமாரிடம் சொன்னேன். "தாத்தா, ரோலரே போயி வந்துச்சு, உன் கெணறு தூங்குது" என்றான். அவன் ஓட்டியது மழைக்கு முன்னால். பிறகு நாலு நாள் விடாத மழை. நேற்று அரங்கநாதன் பசுவின் முன்கால் அங்கே முட்டிவரை இறங்கிவிட்டது. மூன்று பேர் தூக்கினோம். அங்கிருந்த அதிகாரி எலி வளை என்று ஜல்லி கொட்டச் சொன்னார். வரைபடத்தில் கிணறே இல்லையாம். எப்படி இருக்கும்? மூடியாச்சு என்று அன்றைக்குச் சொன்னவனே நான்தானே.

சுரையா இதைப் படம் எடுத்து இப்போதே உன் போனுக்கு அனுப்புவாள். உன் மேலதிகாரியிடம் காட்டு. கீழே என் கைநாட்டு இருக்கிறது. அப்பனைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று மறைத்துவிடாதே.

அப்படியும் உன்னை அனுப்பினால், வியாழக்கிழமை விடிந்ததும் நான் போய் அந்தக் கிணற்றின் மேல் நிற்பேன். மேலிருந்து பார்க்கையில் புல்லில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தால் அது நான்தான். என்னைத் தாண்டி இறங்கிவிடலாம் என்று பார்க்காதே. திரும்பிப் போ கண்ணு. எங்கே இறங்கினாலும் நல்லபடியாக இறங்கு.

அப்பா
உலகநாதன்
(இடது பெருவிரல் ரேகை)