ஒண்ணுமில்ல

அன்புள்ள மகளுக்கு,

குளிர்காலத்தில் மழையில்லை, வானம் தெலிவாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். தெளிவுக்கு 'ளி' போடு. நீ ஏறப்போகும் அந்த மலைக்கு உன் அப்பா போனதும் இதே தெளிவான பருவத்தில்தான்.

புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறிப் பழகு.

போனில் இருமினாய். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்றாய். நம் வீட்டில் கால் உடைந்தாலும் ஒண்ணுமில்லைதான். உச்சிக்குக் கீழே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த உன் அப்பாவும் வழிகாட்டியிடம், "ஒண்ணுமில்லப்பா, நீ நட" என்றாராம். அதுவே அவருடைய கடைசிப் பேச்சு.

மேலே அந்தச் சொல் உன் வாயில் வரக்கூடாது. தலை வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உடனே இறங்கிவிடு.

என் உடம்பை விசாரித்திருந்தாய். ஒன்றுமில்லை என்று எழுதினேன், அடித்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்
அம்மா