சூசைதாசன் அண்ணை பாடின பதிகம்

ஸ்காபரோ, கனடா
13.02.1994

என்ர அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைஞ்சுதோ? நான் சுகமாயிருக்கிறன், யோசிக்காதேங்கோ.

நேற்று எங்கட ஊர்ச்சங்கத்துக்குத் தலைவர் தெரிவு. சூசைதாசன் அண்ணையும் போட்டியிட்டவர். "சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் தலைவரானால் கோயில் திருவிழாவை ஆர் பார்க்கிறது?" எண்டு எல்லாரும் குசுகுசுத்தவை. கூட்டம் தொடங்கேக்க, கடவுள் வணக்கம் பாடிறவர் சினோ கொட்டி றோட்டெல்லாம் மூடினதால வந்து சேரேல்லை. வேற ஒருத்தருக்கும் பாடமில்லை. சூசைதாசன் அண்ணைதான் எழும்பி, எங்கட பிள்ளையார் பதிகத்தை ஒரு சொல் பிசகாமல் பாடினார். ஊரில அவர் கோயிலுக்குப் பின்வீடெல்லோ, கேட்டுக் கேட்டே பாடமாம். என்ன குரல் அம்மா! மண்டபமே எழும்பி நிண்டது.

பிறகு வாக்கெடுப்பு. அவருக்கு ஏழு கைதான் உயர்ந்தது. என்ர கை கோட்டுப் பொக்கற்றுக்க இருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. மிளகாய்த்தூள் பார்சலுக்க அந்தப் பதிகத்தையும் முழுக்க எழுதி வையுங்கோ. இரண்டாம் பாட்டுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை.

உங்கட மகன்
கருணாகரன்