ஞாயிறு மூன்று மணிக்கு வா

அன்பு மருமகள் யோலாந்தாவுக்கு,

மாமா சுகம். பொத்தோசி மலை உயரத்தில் காற்று மெலிசு, பந்து தோட்டா மாதிரி வரும், உனக்குத் தெரியாததா? நேற்றுப் பயிற்சியில் அப்படி நாற்பது பிடித்தேன், ஐம்பதுகூட இருக்கும். ஒன்றை மட்டும் போகட்டும் என்று விட்டேன். புதுக் கோல்கீப்பர் வில்பர் சிரிக்கிறான்: "அண்ணே, மெதுவா எழுந்திருங்க. பந்து வலையிலதான் கெடக்கு, எங்கயும் ஓடாது." நல்லவன்தான். என் விரல்கள் மடங்காததால் கையுறையை அவன்தான் இழுத்துக் கழற்றிவிடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு என் ஆட்டத்தைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தாய். இந்தக் குளிரில் எதற்கு? கோச்சிடம் போய், "மருமக வர்றா, பாதி ஆட்டமாவது என்னைக் கோல்ல நிறுத்துங்க" என்றேன்.

"முதல்ல உங்க முட்டிகிட்ட கேட்டுட்டு வாங்க, பெரியவரே."

என்னைப் பெரிய ஆட்டங்களுக்காகப் பத்திரப்படுத்துகிறார்.

வந்தே தீருவாய் என்றால், ஆட்டம் நாலு மணிக்கு. நீங்கள் மூன்றுக்கே வந்துவிடுங்கள். ஆட்டத்துக்கு முன்னால் நம் ஆட்கள் கோலில் அடித்துப் பழகுவார்கள். வில்பர் களைத்துவிடக் கூடாதென்று அந்த நேரம் முழுக்க என்னைத்தான் நிறுத்துவார்கள். குழந்தையிடம் அதுதான் ஆட்டம் என்று சொல்லிவிடு. முடிந்ததும் கைதட்டச் சொல். நாலு மணி விசில் ஊதுமுன் கூட்டிப் போய்விடு.

உன் மாமா